பின்பக்க இடது சக்கரம்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப்போவதில்லை. ஆனால் இது நடந்தது. ஸ்மோல்யான் என்கிற எங்கள் மலையூரில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு மேலே, போன நவம்பரில், இருட்டுவதற்கு முன்பே நடந்தது. நடந்தது என் சிநேகிதன் லியூபெனுக்கு. மீன் பிடிக்கப் போய் வெறுங்கையோடு திரும்பினால் "ஒண்ணும் மாட்டல" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள் அவன். கதை கட்டத் தெரியாது. இதை என்னிடம் சொல்லி முடிக்கும்வரை ஒருமுறைகூட அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் மனைவி ராலிட்சா பேக்கரியில் வேலை செய்தாள். விடியற்காலை ஐந்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் இறங்கிப் போவாள். அந்த வருடம் ஜனவரியிலிருந்து அந்தக் காரின் பிரேக் கீச்சிட ஆரம்பித்தது. பிறகு கீச்சு போய், இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் வந்தது.

"லியூபோ, பிரேக்கை மாத்திக் குடு. பயமா இருக்கு."

"வர்ற சனிக்கிழமை மாத்திடறேன்."

அந்த மாதிரி நான்கு சனிக்கிழமைகள் போயின. புது டிஸ்க்கும் பேடும் வாங்கியாயிற்று. பெட்டி அலமாரியில் இருந்தது. பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராலிட்சா கார்ச்சாவியை மேசைமேல் வைத்துவிட்டாள். "நீ மாத்துறவரைக்கும் நான் இதைத் தொடமாட்டேன், நடந்தே போய்க்கிறேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலை ஐந்து இருபதுக்கு, பனி உறைந்த வளைவில், மரம் ஏற்றி வந்த லாரி சறுக்கி அவள்மேல் ஏறியது.

அதன்பிறகு ஒன்பது மாதம் கார் கராஜிலேயே நின்றது. லியூபென் அதன் பக்கம் போகவே இல்லை.

நவம்பர் முதல் வாரம், செத்தவர்களுக்குப் படைக்கும் சனிக்கிழமை வந்தது. ஊரே அவித்த கோதுமையும் ஒயினும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகிற நாள். ராலிட்சாவின் அக்கா வெஸ்கா வாசலில் வந்து நின்றாள்.

"கிளம்புப்பா."

"நீங்க போயிட்டு வாங்க."

"ஊர் வழக்கப்படி கதவுல அவ இரங்கல் போட்டோவைக்கூட ஒட்டவிடல நீ. இன்னைக்குக்கூட அவகிட்ட வரமாட்டியா?"

பத்தொன்பது வயது மகள் கலினாதான் பெரியம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க பெரியம்மா. அப்பா, நாளைக்கு நான் காரை எடுத்துட்டு ப்ளோவ்திவுக்குப் போறேன். திங்கட்கிழமை காலேஜ் இருக்கு. பஸ்ல இடமில்ல."

"அந்தக் காரா?"

"வேற எந்தக் கார் இருக்கு நம்மகிட்ட?"

அவர்கள் போனதும் அவன் கராஜைத் திறந்தான். மணி ஒன்று நாற்பது.

கார் பின்பக்கமாக உள்ளே விடப்பட்டிருந்தது. மூக்கு தெருவைப் பார்த்து, வால் உள்சுவரைப் பார்த்து. பேட்டரி முழுவதும் இறங்கிப்போயிருந்ததால் அதைக் கழற்றி, மேசைமேல் சார்ஜில் போட்டான். ஹேண்ட்பிரேக்கை விடுவிக்க ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தான். சீட்டில் உட்கார மனம் வரவில்லை. அது அவள் உயரத்துக்கு முன்னால் தள்ளியே இருந்தது. வெளியே நின்றபடி கையை நீட்டி விடுவித்துவிட்டு, கதவை அப்படியே திறந்துபோட்டான்.

ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டுகளை முட்டுக்கொடுத்தான். முன்சக்கரங்கள் இரண்டும் சுலபமாக முடிந்தன. பழைய பேடைக் கையில் எடுத்துப் பார்த்தான். உராயும் பொருள் துளியும் இல்லை. வெறும் தகடு. டிஸ்க்கில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். அந்தத் தகட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். இதை மாற்ற ஒரு மத்தியானம் போதும். அந்த ஒரு மத்தியானத்தைத்தான் அவளுக்கு அவன் கொடுக்கவில்லை.

நான்கு பத்துக்கு, பின்பக்க இடது சக்கரத்துக்கு வந்தான்.

பேடுகளைப் பிடித்து நிற்கும் காலிபரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். டிஸ்க் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் தட்டினான். டங்... டங்... டங். நிறுத்தி மூச்சு வாங்கினான்.

க்ரீச்...

சீட்டின் ஸ்பிரிங் சத்தம்.

கார் ஸ்டாண்டில் நிற்கிறது, நான் தட்டுவதில் ஆடுகிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான். இன்னும் தட்டினான். டிஸ்க் கழன்று வந்தது. புதியதை மாட்டினான். காலிபருக்குள் இருந்து பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பிஸ்டனைத் திருகித் திருகி உள்ளே தள்ளினான். விளிம்புவரை உள்ளே போயிற்று. பேடை எடுக்கத் திரும்பினான். மறுபடி பார்த்தான்.

பிஸ்டன் வெளியே வந்துகொண்டிருந்தது.

மெதுவாக... நகக்கண் அளவு. பிறகு இன்னும் கொஞ்சம்.

பிரேக் வேலை தெரிந்தவர்களுக்கு இதற்கு ஒரே காரணம்தான் தெரியும். யாரோ பெடலை அமுக்குகிறார்கள்.

இருபது வருடப் பழக்கம். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"விடு, விடு! இன்னும் மாட்டல!"

பிஸ்டன் நின்றது.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இந்த வீட்டில் அவனுக்காகப் பெடல் அமுக்கியவள் ஒருத்திதான். எப்போது பிரேக் வேலை பார்த்தாலும் அவள் சீட்டில் உட்காருவாள். இவன் டிஸ்க்கில் கையை வைத்துக்கொண்டு கத்துவான். அமுக்கு. விடு. அமுக்கு. விடு. "எவ்வளவு நேரம்யா? கால் மரத்துப்போச்சு" என்று அவள் அங்கிருந்து கத்துவாள்.

கராஜில் சத்தமே இல்லை.

திறந்த கதவு மூன்றடி தூரத்தில் இருந்தது. தலையைத் தூக்கினால் போதும்.

தூக்கவில்லை.

பிஸ்டனை மறுபடி உள்ளே திருகினான். பேடுகளைச் செருகினான். காலிபரை மாட்டினான். போல்ட்டை முறுக்கினான். ஸ்பேனர் இரண்டு தடவை கைநழுவி விழுந்தது. கண்ணை டிஸ்க்கை விட்டு எடுக்கவில்லை.

மணி நான்கு முப்பத்தைந்து.

டிஸ்க்கில் உள்ளங்கையை வைத்துச் சுழற்றினான். சுழன்றது.

"அமுக்கு" என்றான்.

ஒன்றும் இல்லை.

பிறகு... ஸ்ஸ்க்.

எதிர்ச்சுவர் சிவந்தது.

பிரேக் விளக்கு. பேட்டரி மேசைமேல் இருக்கிறது. காருக்குள் ஒரு சொட்டு மின்சாரம் கிடையாது. ஆனாலும் சுவர் சிவப்பாக இருந்தது. அவன் கையும் சிவப்பாக இருந்தது.

டிஸ்க் அசையவில்லை. இறுகிப் பிடித்திருந்தது.

"விடு."

சுவர் இருண்டது. டிஸ்க் சுழன்றது.

"அமுக்கு."

சிவப்பு.

"விடு."

இருட்டு.

பயம் போய்விட்டது என்று அவன் சொல்லவில்லை. கடைசிவரை பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது என்றான். ஆனால் அதோடு அழுகையும் வந்தது. வலது பக்கச் சக்கரத்துக்குத் தரையோடு தரையாக, காரின் பின்புறம் சுற்றியே தவழ்ந்து போனான். அதையும் மாற்றினான். அமுக்கு. விடு. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது.

எல்லாம் முடிந்ததும் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"ராலிட்சா... நான் அன்னைக்கே மாத்தியிருக்கணும்."

சுவர் சிவந்தது.

அவன் அமுக்கச் சொல்லவில்லை.

அந்தச் சிவப்பு அப்படியே நின்றது... நின்றது. எவ்வளவு நேரம் என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. பிறகு அணைந்தது.

வெளியே கேட் சத்தம். ஐந்து நாற்பது. கலினா டார்ச் வெளிச்சத்தோடு உள்ளே வந்தாள்.

"இருட்டுல என்னப்பா பண்றீங்க? முடிஞ்சுதா?"

அப்போதுதான் அவன் தலையைத் தூக்கினான். சீட் காலியாக இருந்தது. கலினா உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கு. தனியாவா பண்ணீங்க? யாரு அமுக்கினா?"

"பெடலுக்குக் கட்டையை முட்டுக்குடுத்தேன்" என்றான்.

மறுநாள் அவள் கிளம்பினாள். மத்தியானம் போன் வந்தது. "அப்பா, பிரேக் அருமையா பிடிக்குது. சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான். லியூபென் போனை வைத்துவிட்டு, முதல்முறையாகக் கல்லறைக்குத் தனியாகப் போய் வந்தான். எல்லாம் என் மனப்பிரமை, அழுத கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு மனிதரைத் தெருவில் பார்த்தான். ஒக்னியான் என்று பெயர். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பூர்காஸிலிருந்து முந்தைய வெள்ளிக்கிழமைதான் குடிவந்திருந்தார். இந்த ஊரில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. இதை நானும் அவரிடம் தனியாகப் போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

"தம்பி, சனிக்கிழமை பிரேக் வேலை பாத்தீங்கபோல. சன்னல்லேர்ந்து பாத்தேன். வீட்டுக்காரம்மா கூடவே உக்காந்து உதவி பண்ணாங்களே, இந்தக் காலத்துல யாரு செய்வா?"

ஒக்னியான் கராஜ் பக்கம் கையைக் காட்டினார்.

"ஆனா அவ்வளவு குளிர்ல அப்படி உக்காரவிடலாமா? இடது காலை வெளிய சிமெண்டுத் தரையில வெச்சிருந்தாங்க. அந்தக் கால்ல பூட்ஸே இல்ல. வெறும் சாக்ஸ்."

பிப்ரவரியில், மருத்துவமனையில் அவனிடம் ஒரு பை கொடுத்தார்கள். அவளுடைய பொருட்கள். அதில் வலது கால் பூட்ஸ் மட்டும்தான் இருந்தது. இடது கால் பூட்ஸ் பனியில் கிடைக்கவே இல்லை. அந்தப் பையை அவன் அன்றைக்கே பரண்மேல் போட்டுவிட்டான். கலினாவிடம்கூடச் சொன்னதில்லை.

லியூபென் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"முகம்... முகம் எப்படி இருந்துச்சு?"

ஒக்னியான் யோசித்தார்.

"நல்லாத்தான் இருந்தாங்க தம்பி. அவ்வளவு நேரமும் திரும்பி உங்களையேதான் பாத்துட்டு இருந்தாங்க. நீங்கதான் ஒரு தடவைகூட நிமிந்து பாக்கல."