அத்தை அடுப்புச் சாம்பல்

எனக்கு வயது அறுபத்தேழு. ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். செத்துப்போன தங்கச்சியின் மகனையும் சேர்த்தால் ஏழு. ஒன்றையும் பசியோடு படுக்கப் போட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் இருக்கவில்லை. ஆனாலும் எங்கேயும் போய்க் கைநாட்டு வைத்தவள் இல்லை. இதையும் நானேதான் எழுதுகிறேன், எழுத்துக் கூட்டிக் கூட்டி, அவசரமில்லாமல்.

போன கிழமை கோவாப் பாத்தியில், முட்டைக்கோஸைத்தான் நாங்கள் கோவா என்போம், புழு விழுந்துவிட்டதென்று மருமகள் கடையிலிருந்து மருந்துப் போத்தல் வாங்கி வந்தாள். அதெல்லாம் எதற்கு, விடியற்காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவினால் போதாதா என்றேன்.

"சாம்பலுக்கு எங்க மாமி போறது? நம்ம வீட்டுல காஸ் அடுப்புதான இருக்கு?" என்றாள்.

சரிதானே. கண்டி டவுனைச் சுற்றி இப்போது யார் வீட்டில் சாம்பல் இருக்கிறது? அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது, தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வரிசை அறைகளாக எங்கள் லயம் இருந்தது. நாங்கள் ஒரு காம்பராவில், அப்பாவின் அக்கா குடும்பம் அடுத்த காம்பராவில். நடுவில் ஒரு சுவர்தான். லயத்துக்குப் பின்னால் இரண்டு வீட்டு மரக்கறிப் பாத்திகளும் ஒட்டி ஒட்டிக் கிடந்தன. அத்தை வீட்டு அடுப்பு அணைந்து நான் பார்த்ததேயில்லை. இராத்திரி கங்குகளை ஒதுக்கிச் சாம்பலால் மூடிவைப்பாள். கோயில் திருவிழாவுக்குப் போனாலும் மூடிவைத்துவிட்டுத்தான் போவாள். திரும்பி வந்து கிளறி ஊதினால் நெருப்பு இருக்கும். எங்கள் வீட்டில் அணைந்துபோகும் நாட்களில் சிரட்டையை எடுத்துக்கொண்டு கங்கு வாங்க நான் அங்கே ஓடுவேன்.

அந்த வருசங்களில் இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்துக் குடும்பங்களை ஒவ்வொன்றாக இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தை வீட்டுக்கும் காகிதம் வந்தது. திரும்பி வருகிற பயணம் இல்லை என்று பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. முன்னொரு காலம் எங்கள் தாத்தா இந்தியாவுக்குப் போய்ச் சாமி கும்பிட்டு, பித்தளைச் செம்போடு திரும்பி வந்தவர். இதுவும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். எனக்கும் ஒரு செம்பு வரும் என்றுகூட நினைத்தேன்.

காகிதம் வந்த நாளிலிருந்து அத்தை தன் பாத்திப் பக்கம் போகவில்லை. கோவா அப்போதுதான் உருண்டு வருகிற பருவம். கவனிப்பாரில்லாமல் இலையெல்லாம் சல்லடையாகப் போயிற்று. பூச்சிகள் அங்கிருந்து பறந்து வந்து எங்கள் இலைகளில் முட்டையிட்டன. நானும் அம்மாவும் காலையில் புழு பொறுக்குவோம். சாயந்தரம் பார்த்தால் மறுபடி பச்சைப் பச்சையாக நெளியும்.

அம்மா பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"என்னா மதினி, இந்தியாவுக்குக் கொண்டுபோகவா இம்புட்டுப் புழு வளக்குறீங்க?"

"அதுகளுக்கு வேலி தெரியுமா? நானா புடிச்சு ஒங்க பக்கம் வெரட்டுறேன்?"

"அப்ப புடுங்கிப் போடுங்க. போறவங்களுக்கு எதுக்குக் கோவா?"

"நட்ட கையால நான் புடுங்க மாட்டேன். ஒனக்கு மனசு வந்தா நீயே செய்யி."

அப்பா இதிலெல்லாம் வாய் திறக்கமாட்டார். அக்கா பக்கமும் பேசமாட்டார், பெண்டாட்டி பக்கமும் பேசமாட்டார். சத்தம் கிளம்பினால் மண்வெட்டிக்குப் பிடி செதுக்க உட்கார்ந்துவிடுவார். அந்த மாதம் எங்கள் மண்வெட்டிக்கு இருந்ததுபோல வழவழப்பான பிடி தோட்டத்தில் யாரிடமும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா இறங்கி அத்தையின் கோவாவையெல்லாம் வேரோடு பிடுங்கிக் குழியில் போட்டு மூடினாள். அத்தை வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சுளகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. எனக்கும் அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று உத்தரவு. நெருப்புக்கு நான் லயத்தின் கடைசிவரை நடக்க வேண்டியதாயிற்று. அதுதான் எனக்குப் பெரிய குறை.

அவர்கள் புறப்படுகிற நாளும் வந்தது. கண்டி ஸ்டேசன்வரை கூடப் போக அப்பா வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள். தம்பியைப் பார்த்துக்கொண்டு நான் வீட்டில் இருந்தேன்.

லொறி ரோட்டில் வந்து நின்று ஹோன் அடித்தது. அப்போது அத்தை பின்பக்கமாக வந்தாள். கையில் ஒரு மூங்கில் கூடை, நிறையச் சாம்பல்.

"ஆத்தா, இத ஒங்க கோவாவுக்குத் தூவு. அம்மாகிட்டச் சொல்லு, புடுங்குனது சரிதானாம், எனக்குத்தான் மனசு வரலன்னு. மறந்துறாத, என்ன?"

என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். கூடையின் அடியில் இன்னும் சூடு இருந்தது. இவ்வளவு சாம்பலா என்று எனக்கு ஒரே சந்தோசம்.

அம்மா நின்ற மலை தூரமில்லை. கூப்பிட்டால் காது கேட்கும். சாமான்கள் ஏற்றி, எல்லாரும் அழுது முடித்து, லொறி கிளம்ப நெடுநேரமாயிற்று. நான் அந்த நேரமெல்லாம் இலை இலையாகச் சாம்பல் தூவிக்கொண்டிருந்தேன். சொல்லவேண்டியதைச் சாயந்தரம் சொன்னால் போகிறது.

பொழுது சாய அம்மா வந்தாள். கூடையை இறக்கிவிட்டு அடுப்பைக் கிளறினாள். நெருப்பில்லை. நான் சிரட்டையை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன். சண்டைதான் தீர்ந்துவிட்டதே. அத்தை எங்கே போனாலும் கங்கை மூடிவைத்துவிட்டுத்தானே போவாள்? கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே அடுப்பைச் சுரண்டி வழித்துச் சாணி போட்டு மெழுகியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரம் காயவில்லை.

வந்து சொன்னேன். "அத்த அடுப்புல ஒண்ணுமே இல்லம்மா. எல்லாத்தையும் கோவாவுக்குக் குடுத்துட்டாங்க."

பிறகு, சொல்லச் சொன்னதையும் சொன்னேன். புடுங்குனது சரிதானாம், அவங்களுக்குத்தான் மனசு வரலையாம்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எப்ப சொன்னாங்க?"

"லொறி வந்தப்ப."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேடி. நான் அங்கதான நின்னேன். லொறி நிக்கிறதப் பாத்துக்கிட்டேதான நின்னேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மூங்கில் கூடையை எடுத்து எங்கள் அடுப்பின்மேல் கவிழ்த்துத் தட்டினாள். மூங்கில் இடுக்கில் ஒட்டியிருந்த சாம்பல் கொஞ்சம் விழுந்தது. அதன்மேல் விறகை அடுக்கி, தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்தாள்.

அந்தத் தடவை கோவா நன்றாக உருண்டது. புழு ஒன்றும் செய்யவில்லை. அதை அத்தைக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. மூங்கில் கூடையைக் கழுவிக் காயவைத்து, அவள் வந்ததும் கொடுக்கலாம் என்று கதவுக்குப் பின்னால் மாட்டினேன். அம்மா அதை எடுக்கவுமில்லை, அதில் வேறெதையும் போடவிடவுமில்லை. நல்ல கூடையை இப்படிச் சும்மா தொங்கவிடுகிறாளே என்று அவளைப் பற்றி நான் நினைத்துக்கொள்வேன். அத்தை வீட்டுக் காம்பராவுக்கு வேறு ஆட்கள் வந்து, அந்த அடுப்பில் புகை எழும்பிய பிறகும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே வா பேத்தி. கண்ணாடி போட்டும் என் எழுத்தே எனக்கு ஆடுகிறது. முதலிலிருந்து வாசி, நான் கேட்கிறேன். அத்தை சொல்லிவிட்டுப் போன இடம் வரும், அங்கே மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி.