உடம்புக்கு எழுதிய தினசரி ரிப்போர்ட்

முதல் அறிகுறி நெஞ்சில் வரவில்லை, வாயில் வந்தது. 2009இல் ஒரு மாலை, சிதம்பரத்தில் ஒரு மருத்துவர் முன் பையோடு நின்று, எங்கள் கம்பெனியின் இருமல் மருந்தைப் பற்றிப் பேச வாயைத் திறந்தேன். மருந்தின் பெயர் வரவில்லை. ஐந்து வருடமாக ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சொன்ன பெயர். கையில் இருந்த அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சாகியும் இருந்தது. அதைப் பார்த்துப் படித்துவிட்டு வெளியே வந்தேன்.

நான் அப்போது மெடிக்கல் ரெப். மருத்துவர்களைச் சந்தித்து, எங்கள் மருந்தை எழுதுங்கள் என்று கேட்கும் வேலை. பி.ஃபார்ம் படித்துவிட்டு 2004இல் சேர்ந்தேன். வீடு கடலூர் முதுநகரில். சிதம்பரம், புவனகிரி வரை எனக்கு ஒதுக்கிய பகுதி. வேலையிலேயே ஓய்ந்துபோய், அதற்கு என்ன பெயர் என்று தெரியாமல் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன். பயப்படாமல் படியுங்கள். நல்லபடியாக முடிந்த கதை இது.

அடுத்த வாரம் புதுச்சத்திரம் தாண்டும்போது, ஓடும் பைக்கிலேயே நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. மூச்சு பாதியில் நின்றது. வண்டியை ஓரங்கட்டி, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். மனைவி நசீமாவின் முகம்தான் முன்னால் வந்தது. கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. டீ குடித்துவிட்டுக் கிளம்பிப் போய் மூன்று டாக்டர்களைப் பார்த்தேன், மருந்து விற்பதற்காக.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே ஒரு டாக்டரிடம் உடம்பைக் காட்டியிருப்பார்கள். ரெப் காட்ட மாட்டான். எங்களுக்குப் பையிலேயே வைத்தியம். டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வைத்திருக்கும் சாம்பிள் மாத்திரைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வோம். நான் இருமல் மருந்து கொடுத்தால், இன்னொரு கம்பெனியில் இருக்கும் நண்பன் செல்வம் வயிற்றெரிச்சல் மாத்திரை கொடுப்பான். அப்படி நான்கு கம்பெனிகளின் சாம்பிள்களை மூன்று மாதம் தின்றேன். தூக்கத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, படபடப்புக்கு ஒன்று, நான்காவது எதற்கென்று எனக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் நான் வருடக்கணக்காகக் காத்திருந்த செய்தி வந்தது. ஏரியா மேனேஜர் பதவி. திருச்சியில் வேலை, எனக்குக் கீழே ஆறு ரெப்கள். செல்வம் ஃபோனில் கத்தினான். "மச்சான், கார்ல வரப் போற! எங்களையெல்லாம் ஞாபகம் வெச்சிக்க!" எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. நசீமா பள்ளிக்கூட ஆசிரியை. நாற்பது பிள்ளைகளில் எவன் முகம் சரியில்லை என்று வாசலில் இருந்தே கண்டுபிடிப்பவள். பையைத் திறந்து மாத்திரைகளைக் கட்டிலில் கொட்டினாள்.

"இதெல்லாம் யாரு எழுதிக் குடுத்தது?"

"நானேதான்."

"அப்ப இன்னிக்கு வேற டாக்டரப் பாப்போம். ஒங்களவிட கொஞ்சம் படிச்சவங்களா."

சிதம்பரத்தில் நான் ஐந்து வருடமாகச் சந்தித்து வந்த ஒரு பொதுநல மருத்துவரிடம் முன்பதிவு செய்தாள். டோக்கன் எண் ஒன்பது. நசீமாவுக்குப் பள்ளியில் தேர்வு இருந்ததால் நான் மட்டும் போனேன். போன இடத்தில் நான் செய்த காரியத்தைச் சொன்னால் இன்றைக்கும் வீட்டில் சிரிக்கிறார்கள். நோயாளிகள் எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் ரெப்கள் உள்ளே போவது வழக்கம். கால் தன்பாட்டுக்குப் போய்ச் சுவரோரம் ரெப்களோடு நின்றுவிட்டது. ஒன்பதாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். கையில் டோக்கனை வைத்துக்கொண்டே, யாரோ ஒன்பதாம் எண் வரவில்லை போலிருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். கடைசியில் செல்வத்தோடும் இன்னொருவரோடும் சேர்ந்து உள்ளே போனேன். அவர்கள் பேசி முடித்தார்கள். என் முறை வந்தது. "குட் ஈவ்னிங் மேடம்" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"மேடம், இவன் இன்னிக்கு பேஷண்ட்டு" என்றான் செல்வம்.

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். மற்ற இருவரையும் அனுப்பினார். "ரஃபீக், மொதல்ல ஒக்காருங்க" என்றார். அந்த அறையில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன்.

ஈசிஜி (இதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் சோதனை) எடுத்தார்கள், சரியாக இருந்தது. தைராய்டு (கழுத்தில் உள்ள சுரப்பி) சோதனையும் சரி. இரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல். வந்தது மாரடைப்பு அல்ல, பதற்றத் தாக்கு (ஆபத்து எதுவும் இல்லாமலே உடம்பு திடீரென்று அபாய மணி அடிப்பது) என்றார். அதற்கு அடியில் இருந்தது பணிச்சோர்வு (நீண்ட நாள் ஓய்வில்லாத வேலையால் உடலும் மனமும் வற்றிப்போவது). என் நான்கு மாத்திரைகளில் மூன்றை நிறுத்தினார். மூன்று வாரம் விடுப்பு எழுதினார். கம்பெனிக்கு நான் பதில் சொல்லவும் சரியாக மூன்று வாரம்தான் இருந்தது.

"பதவிய ஏத்துக்கவா வேணாமா மேடம்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஒங்க ஒடம்பக் கேளுங்க. கம்பெனிக்கு டெய்லி ரிப்போர்ட் எழுதுறீங்கல்ல? மூணு வாரம் ஒடம்புக்கு எழுதுங்க. எப்ப இறுகுது, எப்ப எளகுது. அவ்ளோதான். காரணம் எழுதக் கூடாது, தீர்ப்பும் எழுதக் கூடாது. வேற யாரோ ஒருத்தரோட ஒடம்ப வேடிக்கை பாக்குற மாதிரி எழுதுங்க."

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களில் பலர் தினசரி ரிப்போர்ட்டைத் தினசரி எழுதுவதில்லை. சனிக்கிழமை ஓரிடத்தில் உட்கார்ந்து ஆறு நாள் ரிப்போர்ட்டையும் எழுதிவிடுவோம். பார்க்காத டாக்டரையும் பார்த்ததாக எழுதுவோம். பழக்கம் எங்கே விடும்? முதல் சனிக்கிழமை நோட்டைத் திறந்து, ஆறு நாளையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். காலை ஏழு மணி, சில்வர் பீச்சில் நடை, இளக்கம். மாலை ஐந்து மணி, தியானம், இளக்கம். மேனேஜர் பார்த்தால் பாராட்டியிருப்பார். நசீமா பார்த்தாள்.

"ஏங்க, நேத்து காலையில ஏழு மணிக்கு நீங்க போர்வைக்குள்ள இருந்தீங்க. எந்த பீச்சுல நடந்தீங்க?"

எனக்கு முகம் சிவந்தது. அவள் கோபப்படவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்லா! சொந்த ஒடம்புக்கேவா பொய் ரிப்போர்ட்டு?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் ஒன்று புரிந்தது. நான் நன்றாக இருப்பதாக யாருக்கோ காட்டிக்காட்டியே ஐந்து வருடத்தை ஓட்டியிருக்கிறேன். அந்தப் பக்கங்களைக் கிழித்துப்போட்டு, அதே இடத்தில் முதல் உண்மையான வரியை எழுதினேன். சனி, பகல் பதினொன்று, நசீமா சிரித்தாள், இளக்கம்.

பிறகு அந்த நோட்டு சுவாரசியமாகிவிட்டது. நான் நினைத்துக்கொண்டிருந்ததற்கும் அதில் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. அலைச்சல்தான் என்னைக் கொல்கிறது என்று நினைத்திருந்தேன். பைக்கில் போவது எனக்கு இளக்கம். விற்பனை இலக்கைப் பற்றி நினைத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மனப்பாடம் செய்ததைப் பேச வேண்டும் என்று நினைத்தால் மட்டும் தாடை இறுகியது. திருச்சி என்று எழுதினால் தோள் இறுகியது. ஆறு ரெப்களுக்கு அதே வசனத்தைக் கற்றுக்கொடுப்பதை நினைத்தால் மூச்சே இறுகியது.

இரண்டாம் வாரம் மறுபரிசோதனைக்குப் போனபோது, இந்த முறை ஒழுங்காக நோயாளிகள் வரிசையிலேயே உட்கார்ந்தேன். பக்கத்தில் புவனகிரியில் இருந்து வந்த ஓர் அம்மா, மூச்சிரைப்போடு. கையில் இன்ஹேலர் (மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்க உதவும் சிறு கருவி). அதை வாயில் இருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சென்ட் அடிப்பது போல முகத்தில் அடித்துக்கொண்டார். "ஆறு மாசமா அடிக்கிறேன் தம்பி, ஒன்னுமே கேக்கல" என்றார்.

எனக்குக் கை பரபரத்தது. "கொடுங்கம்மா" என்று வாங்கி, முதலில் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, கருவியைச் சுற்றி உதட்டை மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவரையே செய்துகாட்டச் சொன்னேன். நான்காவது முறை சரியாக வந்தது. எதிரில் இருந்த ஒருவர் தன்னுடையதையும் எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு இன்னொருவர். என் டோக்கனை இரண்டு முறை கூப்பிட்டார்களாம். காதில் விழவில்லை. அன்று எழுதிய வரி, ஒரு மணி நேரம், இளக்கம், நேரம் போனதே தெரியவில்லை. நசீமா அந்த வரிக்கு மட்டும் சிவப்பு மையில் டிக் போட்டாள்.

உடனே வேலையை விட்டுவிடவில்லை. அந்தத் தவறை நீங்களும் செய்ய வேண்டாம். ஓர் இளக்கத்தை நம்பி வாழ்க்கையை மாற்றக் கூடாது. அது நிஜம்தானா என்று பார்க்க ஆசைப்பட்டேன். சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டு, மீதி விடுப்பில் ஐந்து நாள் அவர் பக்கத்தில் நின்றேன். சரக்கு சரிபார்ப்பது, இறுக்கம். காலாவதித் தேதி பார்ப்பது, இறுக்கம். ஜன்னலில் ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டி "இத எப்ப சாப்புடறது?" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும், இளக்கம். அப்படி ஒரு நாளைக்கு நூறு பேர் கேட்டார்கள். ஐந்தாம் நாள், அங்கே ஆள் தேவை என்று அவரே சொன்னார்.

செல்வத்துக்கு மனசே ஆறவில்லை. "மச்சான், இதுக்குத்தான இத்தினி வருஷம் அலைஞ்ச? கைக்கு வந்ததப் போயி வேணாங்கிறியே" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. சம்பளம் குறையும். ஊரில் நாலு பேர் பேசுவார்கள். நசீமாவிடம் கேட்டேன். "நானும் சம்பாதிக்கிறேன். நீங்க வீட்டுக்கு வர்றப்ப ஆளா வாங்க, அது போதும்" என்றாள். கடைசி நாள் மண்டல மேலாளருக்கு ஃபோன் செய்தேன்.

"நல்லா யோசிச்சிட்டீங்களா ரஃபீக்?"

"யோசிக்கல சார். எழுதிப் பாத்தேன்."

அவருக்குப் புரிந்திருக்காது. ஃபோனை வைத்ததும் என் நோட்டில் நானே எழுதினேன், பகல் பன்னிரண்டு மணி, தலை முதல் கால் வரை இளக்கம்.

பிடித்த வேலை என்றால் சோர்வே வராது என்று நினைத்துவிடாதீர்கள். பிடித்த வேலையில் வரும் சோர்வு இன்னும் சத்தமில்லாமல் வரும். மருந்தகத்தில் இரண்டாவது வருடம், ஞாயிறு மருத்துவ முகாம்களிலும் இன்ஹேலர் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒரு வியாழக்கிழமை, சீட்டை நீட்டிய ஒருவரிடம் என் குரல் மனப்பாடம் போல ஒலித்தது. தாடை இறுகியது. முதல் முறை மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டதை, இந்த முறை மூன்றே நாளில் பிடித்துவிட்டேன். மாதம் ஒரு முகாம் போதும் என்று சொல்லிவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நசீமா பிரியாணி செய்தாள்.

இப்போது 2012. தினமும் பஸ்ஸில்தான் சிதம்பரம் போய் வருகிறேன். ரெப் வேலையில் வருடத்துக்கு ஒரு தேதிதான் உண்டு, மார்ச் முப்பத்தொன்று. அன்றைக்குள் வருட இலக்கை முடிக்க வேண்டும். பிப்ரவரியிலேயே அந்தத் தேதி கழுத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏப்ரல் வந்த பிறகும் இறங்காது. ரெப் வேலையை விட்ட பிறகும் அந்தத் தேதி என்னை விடவில்லை. போன வாரம் வீடு திரும்பும்போது ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் வரும் முன்பே தூங்கிவிட்டேன். செல்வம் ஃபோன் செய்து எழுப்பினான்.

"மச்சான், நேத்து செத்துப் பொழச்சன்டா."

"ஏன்டா, நேத்து என்னா?"

"நேத்து என்னான்னா கேக்குற?" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2004க்குப் பிறகு முதல் முறையாக, எனக்குத் தெரியாமலே ஒரு மார்ச் முடிந்துபோயிருந்தது.