எட்டாம் ஆண்டின் அட்டை

புஸ்பவதி அக்காவுக்குக் கோல்ஃப் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் பசிபிக் தீவொன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் நடந்த போட்டியில் எந்த ஆண்டு யார் வென்றது என்று கேளுங்கள், மூச்சுவிடாமல் சொல்லுவார். இத்தாலியில் நாங்கள் குடியிருக்கும் சீசாப் பகுதியில் எல்லோரும் பகிடி பண்ணுவோம். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பதினொரு வருடமாகத் தினமும் காலை பஸ்ஸில் நகரின் லிபெர்த்தா பகுதிக்குப் போய் அவர் பராமரிக்கும் ரெனாத்தோ கிழவர், ஒருகாலத்தில் தொழில்முறை ஆட்டக்காரர். கோப்பி குடிக்கும்போது அந்தப் போட்டியின் வரலாறுதான் பேச்சு. முதல் ஆண்டு புல்தரையில் ஆடு மேய்ந்ததாம். பத்தொன்பதாம் ஆண்டு காற்றில் பந்து திரும்பி, அடித்தவரின் காலடிக்கே வந்ததாம். கடைசியில் ஒரு புயல் திடலைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போக, போட்டியும் நின்றது.

எட்டாம் ஆண்டு வந்தால் மட்டும் கிழவரின் குரல் இறங்கும். குறைந்த அடிகளில் முடிப்பவர் வெல்லும் கோல்ஃபில், உங்கள் அடிகளை அட்டையில் எழுதுவது கூட ஆடுபவர். சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது நீங்கள். ஒரு குழிக்கு நாலு அடி அடித்ததை அந்த ஆள் ஆறு என்று எழுதிவிட்டார். ரெனாத்தோ களைப்பில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கூட்டி எழுதினால் கூடியதே நிற்கும், அதுதான் விதி. ஒரே ஓர் அடியால் கிண்ணம் போனது.

போன மாசியில் ஒரு கடிதம் வந்தது. போட்டியின் வரலாறு புத்தகமாகிறது, எட்டாம் ஆண்டுப் பக்கத்தில் உண்மையைக் குறிப்பாகச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். கிழவர் வேண்டாம் என்றார். அக்காவுக்கு வந்ததே கோபம்! இருவரும் இத்தாலியனில்தான் கதைத்தார்கள். அக்கா எனக்குச் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"நீங்கள் நாலுதானே அடிச்சனீங்கள்?"

"கையெழுத்துப் போட்டாச்சு. பாக்காமல் போட்டது என்ரை பிழை."

"நானும் பாக்கேல்லை, சிஞ்ஞோர்," என்று சொல்லி அக்கா அழுதுவிட்டார்.

அவரின் மூத்த மகன் யூட், 2009இல் வன்னியில் போரின் கடைசி நாட்களில், சனத்துக்குள் கைநழுவிப் போனவன். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. இங்கே அடைக்கலம் கேட்டு முதன்முதலாகப் படிவம் நிரப்பியபோது அதில் உயிருடன், இறந்தவர் என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. மொழிபெயர்க்க வந்தவர் அவசரத்தில் இரண்டாவதில் புள்ளடி போட்டார். அப்போது இத்தாலியன் வாசிக்கத் தெரியாத அக்கா கையெழுத்துப் போட்டார். எங்களில் எத்தனை பேர் அப்படிப் போட்டோம்! பிறகு விஷயம் தெரிந்தபோது, மாற்றப் போனால் வதிவிட அனுமதியான பெர்மெசோவே பறிபோகும் என்று எல்லோரும் வெருட்டினோம். நானும்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே சாகடித்துவிட்டதாக அக்கா இத்தனை வருடமும் உள்ளுக்குள் வெந்திருக்கிறார்.

அன்று அதையெல்லாம் அக்கா கிழவரிடம் சொன்னார். கிழவர், "என்ரையது விளையாட்டு, புஸ்பா. உன்ரையது விளையாட்டில்லை," என்றார்.

அடுத்த வியாழன் காலை அவர் டை கட்டிக்கொண்டு, தடியூன்றி அக்காவோடு குடிவரவு அலுவலகத்துக்கு வந்தார். நானும் போனேன். அதிகாரி பழைய படிவத்தைப் பார்த்துவிட்டு அக்காவைக் கேட்டார்.

"அப்ப மகன் உயிரோடை இருக்கிறாரோ?"

"தெரியாது. அதைத்தான் எழுதுங்கோ."

பெர்மெசோவுக்கு என்ன ஆகும் என்று அதிகாரி சொல்லவில்லை. எழுதிய தாளை நீட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, கிழவர் திரும்பி அதட்டினார். அக்கா முதலிலிருந்து இன்னொரு தரம் வாசித்தார். அதற்குப் பிறகுதான் பேனையை எடுத்தார்.