துவைக்காத சட்டை

என் அத்தைக்கு வேலை நாய் பார்ப்பது. உறவுக்காரர்கள் யாராவது கேட்டால் அப்பா, "ஒரு கம்பெனில இருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். அத்தை மறைக்கமாட்டாள். "காலையில இருபத்திரண்டு பிள்ளைங்களை இறக்கிவிட்டுட்டு வேலைக்குப் போவாங்க. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போவாங்க. நடுவுல நான்தான் தாய், நான்தான் போலீஸ், நான்தான் துடைப்பம்."

பதினாலு வருஷமாக அதே இடம். முன்பு மரச்சாமான் கிடங்காக இருந்த கட்டடம். முன்னறையில் ஒரு மேசை, பதிவேடு, கழுத்து வார்களை மாட்டிவைக்க ஆணி வரிசை. நடு அறை துள்ளுகிற நாய்களுக்கு. உள்ளறை வயதானவற்றுக்கு. இரண்டுக்கும் இடையில் இடுப்பளவு மரக்கதவு. மழை பெய்தால் அது ஊதிக்கொள்ளும். முழங்காலால் சற்றுத் தூக்கிக் கொடுத்தால்தான் தாழ்ப்பாள் விழும். அத்தையின் வலது முழங்காலில் அதற்கென்றே ஒரு காய்ப்பு இருந்தது.

மதியம் ஒரு மணிக்கு எல்லா நாய்களும் தூங்க வேண்டும். புது இடத்தில் நாய் லேசில் படுக்காது. அதனால் ஒவ்வொரு நாயின் பையிலும் அதன் வீட்டு மனிதர் உடுத்திய துணி ஒன்று இருக்கும். அதை விரித்தால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மூக்கைப் புதைத்துப் படுத்துவிடும். துணியைத் துவைத்திருக்கக் கூடாது. அது அத்தை போட்ட விதி. புதிதாக வருகிறவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு, துவைத்து மடித்த துண்டோடு வந்து நிற்பார்கள். அத்தை அதை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

"இதுல யாரு இருக்கா? சோப்புக் கம்பெனிக்காரன்தான் இருக்கான். நேத்து போட்ட பனியனைக் கொண்டு வாங்க சார். நீங்க நாய்க்கு மணந்தாப் போதும், எனக்கு வேண்டாம்."

முன்னறையே சிரிக்கும்.

உள்ளறையில் ஒரு கிழட்டு நாய் இருந்தது. அத்தை அதைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். பல் பாதி போய்விட்டது. கண்ணில் பால் படர்ந்திருந்தது. அதைக் கொண்டுவந்து விடுகிறவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. அதிகம் பேசமாட்டார். அவர் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டியவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தாத்தாவின் பையில் இருந்தது அவருடைய சாம்பல் நிறச் சீருடைச் சட்டை. முந்தின நாள் கழற்றிப் போட்டது. டீசலும் வியர்வையும் கலந்த வாடை. கழுத்துப்பட்டையில் கறுப்பாக ஒரு கோடு. அந்த அம்மா அதைத் தினமும் காலையில் கொடுத்து, சாயங்காலம் காசை எண்ணி வாங்குவதுபோல மறக்காமல் வாங்கிப் போவார்.

நடு அறையில் இன்ஸ்பெக்டர். இரண்டு வயது, கன்றுக்குட்டி உயரம். யார் பையையும் சோதனை போடாமல் விடாது, அதனால் அந்தப் பெயர். ஒரு பல் டாக்டருடைய நாய்.

அன்று காலையிலிருந்தே மழை. ஒன்றே கால் மணிக்கு நடு அறையில் ஒரு நாய் வாந்தி எடுத்தது. அத்தை வாளியும் துடைப்பமுமாக உள்ளறையிலிருந்து ஓடிவந்தாள். இரண்டு கையிலும் சாமான். கதவை இடுப்பால் தள்ளிவிட்டு வந்துவிட்டாள். முழங்கால் கொடுக்கவில்லை.

சத்தமே கேட்கவில்லையாம். வாளியைக் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கதவு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே இன்ஸ்பெக்டர் சட்டையின் ஒரு கையைக் காலால் மிதித்துக்கொண்டு மற்றதை வாயால் இழுத்தது. பை கிழிந்து தொங்கியது. போதாததற்கு அதன்மேல் காலையும் தூக்கிவிட்டது. தாத்தா சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை. "குரைச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்டா" என்று அத்தை பிறகு சொன்னாள்.

சாயங்காலம் அந்த அம்மா கடையில் சரக்கு வந்திருப்பதாகச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பி நாயை அழைத்துவரச் செய்தார். சட்டை கிழிந்த விஷயத்தை அத்தையின் முதலாளி தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். சட்டையை நாளைக்குத் தருகிறோம் என்றும் சொன்னார்.

அத்தை அதை வீட்டுக்கு எடுத்துவந்தாள். நான் அன்று அவள் வீட்டில்தான் இருந்தேன். சாப்பாட்டு மேசையில் விரித்து, கிழிசலுக்கு உள்பக்கம் ஒட்டுத்துணி கொடுத்து, தையல் தெரியாதபடி நூலின் நிறம் பார்த்துத் தைத்தாள். பிறகு குளியலறைக்குப் போனாள்.

"என்ன அத்தை, இன்னும் முடியலையா?"

"இப்படியே எப்படிடா கொடுக்கறது? நாய் மூத்திரத்தோட! அந்தம்மா புருஷன் சட்டைடா இது."

இரண்டு தரம் சோப்புப் போட்டாள். கழுத்துப்பட்டையின் கறுப்புக் கோட்டைத் தேய்த்துத் தேய்த்துப் போக்கினாள். மின்விசிறியடியில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, காகிதத்தில் மடித்துவைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பதினாலு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னவளுக்கு அது தோன்றவில்லை. அவள் சொன்னதை நூறு முறை கேட்டுச் சிரித்த எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை முன்னறையில் பஞ்சாயத்து. முதலாளி அத்தையைவிடப் பதினைந்து வயது சின்னவர். சேத அறிக்கைப் படிவத்தை எடுத்து வைத்திருந்தார். பொருள், சேதப்படுத்திய நாய், பொறுப்பு என்று மூன்று கட்டம்.

"சேர்க்கைப் படிவத்துல, பொருளைக் கடிக்கும் பழக்கம் உண்டான்னு கேட்டதுக்கு, இல்லைன்னு எழுதியிருக்கீங்க டாக்டர்" என்றார்.

"அது குட்டியா இருந்தப்ப எழுதினது. அப்ப அதுக்குப் பல்லே முளைக்கல."

"பல் டாக்டர் நீங்களே இப்படிச் சொன்னா எப்படி சார்? நாங்க பார்த்துக்கறது நாயை. அதோட குணத்தை இல்ல."

"ஓ! குணத்தைக் கழட்டி வீட்டுல மாட்டிட்டு, நாயை மட்டும் கூட்டிட்டு வரணுமா?"

முதலாளி அந்த அம்மா பக்கம் திரும்பினார். "விலையுள்ள பொருள் எதையும் வைக்கக் கூடாதுன்னு எங்க விதியிலயும் இருக்கும்மா."

"அதுக்கு விலை இல்லைங்க" என்றார் அவர்.

டாக்டர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு உறையை நீட்டினார். புத்தம்புதுச் சாம்பல் நிறச் சட்டை. "அளவு தெரியலம்மா. நாற்பத்திரண்டு எடுத்தேன்."

"அவரு நாற்பது."

டாக்டர் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அத்தைதான் முன்னால் வந்தாள். "கதவைத் தள்ளிட்டு வந்தது நான்தாங்க. தாழ்ப்பாள் விழுந்துச்சான்னு பார்க்கல." முதலாளி அவளை முறைத்தார். அவள் கண்டுகொள்ளாமல் காகிதத்தைப் பிரித்தாள். கொஞ்சம் பெருமையாகவே பிரித்தாளாம். அதை அவளே சொன்னாள். "எங்க கிழிஞ்சதுன்னே தெரியாதும்மா, பாருங்க."

அந்த அம்மா சட்டையைப் பார்த்தார். தையலைப் பார்க்கவில்லை. மெல்லக் கழுத்துப்பட்டையை முகத்தருகே கொண்டுபோனார். பிறகு குனிந்து தரையில் விரித்தார். தாத்தா வந்தது. முகர்ந்தது. நாலு மூலையையும் முகர்ந்தது. பிறகு அதன்மேல் கால் படாமல் சுற்றிப்போய், வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் அத்தைக்கு உறைத்தது. கை வாய்க்குப் போனது.

"அப்படியே வைங்கன்னு சொல்லியிருந்தேனே" என்றார் அந்த அம்மா. குரல் உயரவில்லை.

"நேத்து போன்ல சொன்னாங்க அக்கா. ஏதோ பேச்சுக்குச் சொல்றாங்கன்னு நினைச்சேன். உங்ககிட்ட சொல்லல" என்றார் முதலாளி.

"நீங்க சொல்லியா எனக்குத் தெரியணும்?" என்றாள் அத்தை. "ஊருக்கே சொல்றவ நான். துவைச்சது நான்தாம்மா."

அந்த அம்மா சட்டையை எடுத்து, இருந்த மடிப்பிலேயே மடித்து, அத்தையிடம் நீட்டினார்.

"இனிமே இது வெறும் சட்டை, அவ்வளவுதான். யாருக்காவது கொடுத்துடுங்க."

நாயின் வாரை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அறிக்கையில் பொறுப்பு என்ற கட்டத்தில் முதலாளி டாக்டரின் பெயரை எழுதியிருந்தார். சாட்சிக் கையெழுத்துக்கு அத்தையிடம் தள்ளினார். அவள் கையெழுத்துக்கு மேலே, "கிழித்தது நாய். துவைத்தது நான்" என்று எழுதினாள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா, துவைக்கறது சேதம் இல்ல. அது உபகாரம். அதுக்கெல்லாம் இதுல கட்டம் கிடையாது." அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அந்த அம்மா அதற்குப் பிறகும் ஒன்பது நாள் வந்தார். கடைக்குப் போயாக வேண்டுமே. தலையணை உறை, பழைய பெல்ட், ஒற்றைச் செருப்பு என்று தினம் ஒன்று பையில் இருக்கும். தாத்தா எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு மணிக்கு எல்லா நாய்களும் படுத்தபிறகு அது மட்டும் ஆடும் கால்களோடு நின்றுகொண்டிருக்கும். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவுவாள். நிற்கும். அவள் கையையே முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பத்தாம் நாள் அவர்கள் வரவில்லை. மருந்துக்கடைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். "போய் என்னன்னு கேக்கறது?" என்றாள். போகவில்லை.

இன்ஸ்பெக்டர் இன்னும் வருகிறது. அதன் படிவத்தில் டாக்டர் இப்போது "உண்டு" என்று திருத்தியிருக்கிறார். மரக்கதவுக்குப் பதில் இரும்புக் கதவு போட்டாயிற்று. அது தானாகவே மூடிக்கொள்ளும். ஆனாலும் அதைக் கடக்கும்போது அத்தையின் முழங்கால் ஒருமுறை உயர்ந்து தாழ்கிறது.

போன வாரம் அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். புதிதாக ஒரு தம்பதி, குட்டி நாயோடு, வெள்ளை வெளேரென்று துவைத்த துண்டோடு நின்றார்கள். அத்தை வாங்கி முகர்ந்தாள். சோப்புக் கம்பெனிக்காரன் வருவான் என்று நான் காத்திருந்தேன்.

"இது வேண்டாம்" என்று துண்டைத் திருப்பிக் கொடுத்தாள். "உடுத்தினது ஏதாவது கொண்டு வாங்க. அதை என் கையில கொடுக்காதீங்க. நீங்களே விரிச்சுட்டுப் போங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது.