முகம் வைத்த எலக்ட்ரான்கள்

வீட்டில் அவருக்கு ‘விளக்கம்’ என்று பெயர். மின்விசிறி எப்படிச் சுற்றுகிறது என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போதும், சாப்பாடு ஆறிப்போகும்வரை ஆளை விடமாட்டார். மின்னணுவியலைப் பொதுமக்களுக்குப் புரியவைக்கும் அசைபடப் பாடங்கள் செய்வதுதான் பிழைப்பு. திரையைத் தொட்டால் நகரும், தள்ளினால் மாறும். ஆனால் அவர் வாயால் விளக்கி யாருக்கும் எதுவும் புரிந்ததாகச் சரித்திரம் இல்லை. “மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல என்னமோ பொம்மை போடறாரு” என்பதோடு மாமியார் நிறுத்திக்கொள்வார்.

அவருடைய புதுப் பாடத்தை மக்கள் பார்வைக்கு வைக்கவிருந்த அறிவியல் கூடத்து மேலாளர் அம்மாள் கறாரான பேர்வழி. விஷயம் தெரியாத ஒருவர் தானாகவே பாடத்தை முடிக்க வேண்டும், செய்தவர் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். திறந்தால் பாடம் கூடத்துக்குள் வராது. பிறகு பழையபடி தள்ளுபடி விளம்பரங்களுக்கு அசைபடப் பலூன் பறக்கவிடப் போக வேண்டியதுதான். விஷயம் தெரியாதவர் என்றதும் விளக்கம் தன் மாமியாரை அழைத்து வந்துவிட்டார்.

திரையில் ஒரு பேட்டரி, ஒரு குட்டி விளக்கு, நடுவில் கூட்டிக் குறைக்கக்கூடிய மின்தடை. எலக்ட்ரான்களுக்கு ஆசை ஆசையாய்க் கண், மூக்கு, வாய் எல்லாம் வைத்திருந்தார். தடைக்குள் அவை வியர்த்து விறுவிறுத்து முண்டியடித்துக்கொண்டு போயின. அங்கேதான் வந்தது வினை.

“ஐயோ பாவம், இதுங்கள ஏன் இப்படிப் போட்டு நசுக்கறீங்க?” என்று மாமியார் தடையைக் குறைத்துக்கொண்டே போனார்.

எலக்ட்ரான்கள் சிரித்துக்கொண்டு பாய்ந்தன. விளக்கு பளிச்சென்றது, மாமியார் முகமும் மலர்ந்தது. அடுத்த நொடி விளக்கு புகைந்து கருகியது.

தொலைந்தது என்று நினைத்தார் விளக்கம். விளக்கிச் சொல்லப் போனவர், நிபந்தனை நினைவுக்கு வந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மேலாளர் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் கருகிய விளக்கையே முறைத்தார். பிறகு ‘மறுபடியும்’ என்ற பொத்தானைத் தொட்டு, இந்தத் தடவை தடையைப் பாதியில் நிறுத்தினார். விளக்கு அளவாக எரிந்தது.

“கொஞ்சம் கஷ்டப்படட்டும். இதுங்க இஷ்டத்துக்கு ஓடினா விளக்கு தாங்காது. அதுக்குத்தானே நடுவுல இத வச்சிருக்கு?”

“நாளைக்கே உள்ள வச்சிடலாம் சார்” என்றார் மேலாளர்.

விளக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலைத் தாண்டியதும் அடக்க முடியவில்லை.

“அத்தை, இதுல விஷயம் என்னன்னா, மின்னோட்டம் இருக்கே...”

“வேண்டாம் மாப்பிள்ளை. இப்பதான் புரிஞ்சிருக்கு, குழப்பிடாதீங்க.”