மனப்பாடமான விலாசம்

ஆற்றோரத்து அங்கன்வாடியில் டீச்சராக இருந்த எனக்குக் கோடை வந்தாலே தலைவலிதான். ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளை அதற்குள் தயார் செய்தாக வேண்டும். வரிசையில் நிற்பது, கேட்டுவிட்டு பாத்ரூம் போவது, செருப்பைக் கால் மாற்றிப் போடாமல் இருப்பது. எல்லாவற்றுக்கும் மேல், வீட்டு விலாசத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பது. தொலைந்துபோனால் அதுதான் காப்பாற்றும் என்று பயமுறுத்தியே சொல்லிக்கொடுப்பேன். அம்மாக்களின் போன் நம்பரை மட்டும் சொல்லித்தர மாட்டேன். நம்பர் அடிக்கடி மாறும், வீடு மாறாதே என்பது என் கெட்டிக்காரத்தனம்.

அந்த வருஷம் ஒரு பெண் எல்லாவற்றையும் முதலில் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மா ராஜா அண்ணாமலைபுரத்து வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள், கைநாட்டு. மகள் பெரிய ஸ்கூலில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

மே மாதம் ஆற்றோர வீடுகளைக் காலி செய்யச் சொல்லி, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு ஒதுக்கினார்கள். அந்த அம்மா ஒதுக்கீட்டுச் சீட்டைக் கொண்டுவந்து காட்டி, புது விலாசத்தையும் பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டாள். அந்த வாரம்தான் பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிப் பட்டமளிப்பு விழா, அதிகாரி வருகிறார். இந்த நேரத்தில் குழப்பினால் மேடையில் திணறுவாள், விழா முடியட்டும் என்றேன். மேடையில் பாப்பா பழைய விலாசத்தைத் திக்காமல் ஒப்பித்தாள். அதிகாரி கைதட்டினார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் லாரி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது.

ஆற்றோர வீடுகளை இடித்தபோது, ரோட்டோரம் இருந்ததால் எங்கள் மையம் மட்டும் தப்பித்தது. பள்ளி திறந்த முதல் வாரம், ஒரு சாயங்காலம் அதன் முன்னால் ஓர் ஆட்டோ நின்றது. சீருடையோடு அந்தப் பிள்ளை இறங்கினாள். பள்ளி விட்டதும், ஒன்றுபோலவே நிற்கும் கட்டடங்களுக்குள் வழி தெரியாமல் மெயின் ரோட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். டிரைவர் நல்ல மனுஷன். இவ்வளவு தெளிவாக விலாசம் சொல்கிற குழந்தையை நம்பி இத்தனை தூரம் ஓட்டி வந்திருக்கிறார். அந்த விலாசத்தில் செங்கல் குவியல்தான் இருந்தது.

அந்த அம்மா இன்னும் பழைய வீடுகளுக்கே வேலைக்கு வந்துகொண்டிருந்ததால், ஆயாவை அனுப்பி அங்கிருந்து வரவழைத்தேன். ஈரக் கையோடு ஓடிவந்தவள் பிள்ளையை ஓர் அறை விட்டாள்.

"தப்பு தப்பா அட்ரஸ் சொல்லிக்கினு எங்கடி சுத்துற?"

குழந்தை அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"தப்பா சொல்லலம்மா. ஒரு தப்புகூட இல்லாம சொன்னேன்."

தவறு என்னுடையது என்று சொல்ல அரை நிமிஷம் போதும். ஆயா நின்றுகொண்டிருந்தாள், டிரைவர் நின்றுகொண்டிருந்தார், எனக்கு என் மானம் பெரிதாகிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு மறதி அதிகம் என்று எதையோ உளறினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

"இதுக்கு மண்டைல ஒண்ணும் ஏறல டீச்சர். நீங்க இன்னா பண்ணுவீங்க. என் கூடவே வேலைக்கு வரட்டும்" என்றாள் அந்த அம்மா. போகும்போது எனக்கு நன்றியும் சொன்னாள். அதன் பிறகு அவள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.