சந்துச் சுவரில் இரண்டு விரல் கனம்

நகராட்சிப் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பதவி, ‘சுவர் தூய்மைப் பணியாளர், இரண்டாம் நிலை’. முதல் நிலை என்று ஒன்று கிடையாது. இருபத்திரண்டு வருடமாகப் பொதுச் சுவர்களில் உள்ள போஸ்டர்களைச் சுரண்டி எடுக்கிறார். கருவி, ஓர் இரும்புத் தகடும் ஒரு வாளி வெந்நீரும். வாளியை அலுவலகம் தரும், வெந்நீரைத் தராது. தெருவுக்கு அவர் சுரண்டியக்கா.

மற்றவர்கள் சுவரின் நடுவில் தகட்டை வைப்பார்கள். அக்கா ஓரத்தில் வைப்பார். ஒட்டுகிறவர்கள் பழைய போஸ்டரைக் கிழிப்பதில்லை, அதன் மேலேயே ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அதனால் ஓரத்தில் பார்த்தால் அடுக்கு தெரியும். மேலே தவணையில் செல்போன். அதன் கீழே கம்ப்யூட்டர் வகுப்பு, வீடியோ கேசட் வாடகை, டைப்ரைட்டிங், சர்க்கஸ். சர்க்கஸுக்குக் கீழே சுண்ணாம்பு. போன் எண்ணும் கீழே போகப் போகச் சுருங்கும்: பத்து இலக்கம், ஏழு, ஆறு, நான்கு.

“முடி கொட்டாம இருக்க எண்ணெய் மட்டும் எல்லா அடுக்குலயும் இருக்கு. முடியும் கொட்டிக்கிட்டுதான் இருக்கு” என்பார்.

போன வருடம் பெரிய ரோட்டை அகலப்படுத்த முடிவானது. அக்காவின் அண்ணனுடைய தையல் கடை இடிபடும் பட்டியலில் இருந்தது. ஒரே இடத்தில் முப்பது வருடம் கடை நடத்தியவர்களுக்கு நகராட்சி மாற்றுக் கடை தரும். மற்றவர்களுக்கு ‘வருந்துகிறோம்’ என்று ஒரு கடிதம் தரும். அண்ணன் அங்கே முப்பத்தாறு வருடமாகத் தைக்கிறார். அதற்குக் காகிதம் எதுவும் இல்லை. கட்டடக்காரர் வாய்ப்பேச்சில் வாடகைக்கு விட்டு, ரசீது தராமலே வாடகை வாங்கி, காலமாகிவிட்டார். அண்ணனுக்கு வயது அறுபத்தொன்று. அந்த வயதில் புதிதாகக் கடை பிடிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும்.

“பக்கத்துச் சுவருல நீ பெயிண்டுல ஒரு விளம்பரம் எழுதினியே, அது என்னாச்சு?” என்று தங்கை கேட்டார்.

“அது மேல ஊரே ஒட்டிட்டுப் போச்சு. போயும் போயும் அதைக் கேக்குற.”

“ஊரு ஒட்டினா நான் எதுக்கு இருக்கேன்?”

மாற்றுக் கடை கேட்டு அண்ணன் போட்ட மனுவை விசாரிக்க அதிகாரி வந்த அன்று, அவர் கண் முன்னாலேயே அக்கா சுரண்டினார். முன்பே சுரண்டியிருந்தால், நேற்று எழுதியது என்று சொல்லிவிடுவார்கள். அதிகாரி மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. குடை பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் நின்றார். கடைசியில் நீல எழுத்து வந்தது: ‘நவீன தையலகம். மருந்துக் கடை போனில் கூப்பிடவும்’. கீழே நான்கு இலக்க எண்.

“நாலு நம்பர்” என்றார் அதிகாரி. “அப்ப முப்பது வருஷத்துக்கு மேலதான்.”

அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அக்கா இன்னும் ஒரு சாண் சுரண்டினார். அது தொழில் புத்தி. பாதியில் நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அம்புக்குறி வந்தது. அது ரோட்டைக் காட்டவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் இருந்த சந்தின் பக்கம் காட்டியது.

அதிகாரி மனுவைப் புரட்டினார். “கடை பெரிய ரோட்டுல இருக்குனு எழுதியிருக்கீங்க. அம்பு அந்தப் பக்கம் காட்டுதே. அப்ப கடை வேற எங்கயோ இருந்திருக்கு.”

“இதே கடைதான் சார். அப்ப வாசல் சந்துப் பக்கம். நடுவுலதான் இந்தப் பக்கம் கதவு வச்சோம்.”

“அதை ஏன் மனுவுல எழுதலை?”

“யாரும் கேக்கலை சார்.”

“குப்பை வண்டியே திரும்பாத சந்துல கடை வாசல் வச்சீங்களா? நம்புற மாதிரி சொல்லுங்கய்யா.”

அண்ணன் தங்கையைப் பார்த்தார். ‘அந்த ஒரு சாண் சுரண்டலைன்னு யார் அழுதா’ என்று அந்தப் பார்வைக்குப் பொருள். அக்கா வாளியை எடுத்தார்.

“சார், ரெண்டு நிமிஷம் சந்துக்கு வாங்க.”

சந்துக்குள் யாரும் இல்லை. ஒரு நாய் எழுந்து இடம் விட்டது. அக்கா கட்டடத்தின் பின் சுவரில் ஓரம் பார்த்துத் தகட்டைச் செருகி நெம்பினார். காகிதம் மெத்தை மாதிரிப் பெயர்ந்து வந்தது. இரண்டு விரல் கனம்.

“இதுல நாலு நம்பர் போஸ்டர் எவ்வளவு இருக்கு பாருங்க. ரோட்டுப் பக்கம் போய்ப் பாருங்க, அப்படி ஒண்ணுகூட இல்ல.”

“அதனால என்னம்மா?”

“ஒட்டுறவன் ஆள் இல்லாத இடத்துல ஒட்டுவானா சார்? பசை அவன் கைக்காசு. அப்ப கூட்டம் போனது இந்தப் பக்கம். இதுல மேல பாருங்க, ஆறு நம்பரோட நின்னுபோச்சு. ரோட்டுல போஸ்டர் அடியிலயே ஆறு நம்பர்ல இருந்துதான் ஆரம்பிக்குது. அன்னிக்குத்தான் ஜனம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கு. எங்க அண்ணன் கதவும் கூடவே திரும்பிச்சு.”

அதிகாரி பெயர்ந்த கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் சர்க்கஸ் யானையின் கால் ஒன்று இருந்தது. பிறகு ரோட்டுப் பக்கம் போய், அங்கேயும் ஓர் ஓரத்தைப் பெயர்க்கச் சொல்லி அதையும் பார்த்தார். பையிலிருந்து அளவுகோலை எடுத்து இரண்டையும் அளந்தார். படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. ‘இதர ஆவணங்கள்’ என்ற இடத்தில், ‘சுவர்கள், இரண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அம்புக்குறி வரைஞ்சப்ப கீழ தேதி போட்டிருக்கலாம்ல?” என்று போகிற போக்கில் அண்ணனிடம் கேட்டார்.

“பெயிண்டு தீந்துபோச்சு சார்.”

ஐந்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. அக்காதான் அலுவலகத்திலிருந்து வாங்கி வந்தார். அண்ணனுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை.

“என்ன போட்டிருக்கு? வருந்துறாங்களா?”

“வருந்தலை. கடை எண் பதினாலு.”

“எந்த மாடி?”

“தரைத்தளம்ண்ணே.”

அண்ணன் கடைக்குள் போய் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பொத்தானுக்குக் காஜா எடுத்தார். அன்று காஜா எடுக்க வேண்டிய சட்டை ஒன்றுகூட இல்லை. கைக்குக் கிடைத்த வெட்டுத்துணியில் எடுத்துக்கொண்டிருந்தார்.